குச்சிக்கிழங்குக் கஞ்சியிலிருந்து மூன்றரை லிட்டர் ஹைட்ரஜன்

பிப்ரவரி 9ஆம் தேதி இரவு எட்டே முக்கால் மணிக்கு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள திறந்த தாழ்வாரத்தில், ஒரு சோதனைக் குழாயின் வாயருகே எரியும் தீக்குச்சியைக் கொண்டுபோனேன். ‘டப்’ என்று ஒரு சிறு சத்தம் எழுந்தது. பள்ளியில் 31 ஆண்டுகள் துத்தநாகத்தின் மேல் அமிலத்தை ஊற்றி மாணவர்களுக்குக் கேட்கவைத்த அதே சத்தம். இந்த முறை துத்தநாகமும் இல்லை, அமிலமும் இல்லை. 30 கிராம் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் அரை லிட்டர் சாணக் கரைசலைக் கலந்து மூடிவைத்திருந்தேன். நுண்ணுயிர்கள் கொடுத்த ஹைட்ரஜன் அது.

இது நான்காவது முயற்சி. முதல் மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. அவை கெட்ட விதம்தான் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது என்பதால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆத்தூருக்குப் பக்கம். சுற்றிலும் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள். என் அக்கா மகன் ஒரு சிறிய ஆலை நடத்துகிறான். கிழங்கு அரைக்கும் மாதங்களில் தொட்டிகளிலிருந்து வழியும் கழிவுநீர், கிழங்குச் சக்கையான திப்பிக் குவியல், புளித்த வாடை எல்லாம் இங்கே பிறந்தவர்களுக்குப் பழகிப்போனவை. பல ஆலைகளில் இந்தக் கழிவுநீரிலிருந்து மீத்தேன் எடுத்து எரிக்கிறார்கள். அதனால் நான் ஹைட்ரஜன் எடுக்கப்போகிறேன் என்றதும் அவன் கேட்டான்: “மாமா, கேஸ்தான் ஏற்கெனவே எடுக்கிறோமே. இதிலிருந்து இன்னொரு கேஸை எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?”

நியாயமான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இல்லை. கரக்பூர் ஐஐடியில் பேராசிரியர் தேவவிரத தாஸ் குழுவினர் என்டரோபாக்டர் குளோயகே என்ற பாக்டீரியாவின் ஒரு வகையைப் பிரித்தெடுத்து, ஒரு மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) குளுக்கோஸிலிருந்து 2.2 மோல் ஹைட்ரஜன் எடுத்ததைப் படித்திருந்தேன். 2002இல் ஹாங்காங்கில் ஃபாங், லியு என்ற இரு ஆய்வாளர்கள், தனித்துப் பிரித்தெடுத்த பாக்டீரியா இல்லாமல் கலவையான நுண்ணுயிர்க் கூட்டத்தை வைத்தே 2.1 மோல் எடுத்திருக்கிறார்கள். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5இல்தான் அவர்களுக்கு அது நன்றாக வந்தது. கலவைக் கூட்டம் போதும் என்றால் சாணம் போதும். சாணமும் மாவும் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

பாசியை வைத்துச் செய்யலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். 1942இலேயே காஃப்ரானும் ரூபினும் பச்சைப்பாசி ஹைட்ரஜன் விடுவதைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஆனால் பாசி வெளிச்சத்தில் விடும் ஆக்ஸிஜனே ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதியை முடக்கிவிடும். அதைத் தவிர்க்கக் கந்தகமில்லாத வளர்ப்புக் கரைசல் வேண்டும், பல நாள் கவனிப்பு வேண்டும். இருட்டில் நடக்கும் நொதித்தலுக்கு மூடிய குடுவையும் சூடும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் முயற்சி டிசம்பர் முதல் வாரம். ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவை, இரண்டு துளை போட்ட ரப்பர் தக்கை, மீன் தொட்டிக்குப் போடும் வெளிர் நிற சிலிக்கான் குழாய், வாளியில் கவிழ்த்த இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில், இவ்வளவுதான். பாட்டிலில் 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டிருந்தேன். ஆலைக் கழிவுநீர் இரண்டே முக்கால் லிட்டர், பச்சைச் சாணக் கரைசல் கால் லிட்டர். ‘அமிலம் ஏறக்கூடாது’ என்று எங்கோ படித்த நினைவில் சமையல் சோடாவைத் தாராளமாகப் போட்டு பி.எச். 7இல் நிறுத்தினேன்.

வாயு வந்தது. ஆறாம் நாள் கொளுத்தினேன். சத்தமே இல்லாமல் நீலமாக, அமைதியாக எரிந்தது. மீத்தேன்.

சாணத்தில் ஹைட்ரஜனை உண்டாக்கும் கிருமிகளும் உண்டு, அதை அங்கேயே தின்று மீத்தேனாக மாற்றும் கிருமிகளும் உண்டு. நான் சோடா போட்டு, பின்னதற்குப் பிடித்த சூழலை ஏற்படுத்திக் கொடுத்திருந்தேன். தின்னும் கூட்டத்தை ஒழிக்க எளிய வழி கொதிக்கவைப்பது. அவை கொதியில் செத்துவிடும். ஹைட்ரஜன் தரும் கிளாஸ்டிரிடியம் வகைகள் வித்துகளாக மாறி அதைத் தாங்கிக்கொள்ளும். பயன்படுத்தாமல் பரணில் கிடந்த பழைய இட்லிச் சட்டி இந்த வேலைக்கு என்று நிரந்தரமாக ஒதுங்கியது. சாணக் கரைசலை அதில் கொதி வரும்வரை கிளறி, கொதித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம். அடுப்பைப் பற்றவைத்த நேரத்திலிருந்து கணக்கிடக்கூடாது. கெட்டிச் சாணத்தின் நடுப்பகுதி சூடேற நேரமாகிறது.

இரண்டாவது முயற்சி பொங்கல் முடிந்து. காய்ச்சிய சாணம், அதே கழிவுநீர், சோடா இல்லை. முதல் 16 மணி நேரத்தில் 1,100 மில்லி வந்தது. பிறகு குமிழ்கள் நின்றுவிட்டன. பி.எச். பார்த்தால் 4.1. குடுவையின் வாடை புளித்த இட்லி மாவு வாடையாக இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அமிலத்தை முறிக்க 10 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டேன். குடுவை உயிர்பெற்றது போலப் பொங்கியது. அரை மணி நேரத்தில் 2,300 மில்லி. பாட்டிலை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அக்கா மகனுக்குப் போன் செய்து “வந்துவிட்டது” என்று சொன்னேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. அமிலத்தில் சோடாவைப் போட்டால் கரியமில வாயு பொங்கும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். காலையில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வாயு நிறைந்த ஒரு பாட்டிலை நீருக்குள் இருந்தபடியே எடுத்து, கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் காஸ்டிக் சோடாவின் கெட்டியான கரைசல் 100 மில்லியை ஊசிக்குழலால் உள்ளே செலுத்தி மூடியை இறுக்கிக் குலுக்கினேன். பத்துக் குலுக்கலுக்குள் பாட்டிலின் விலா உள்வாங்கியது. இன்னும் பத்தில் யாரோ உள்ளிருந்து உறிஞ்சியது போல் முழுப் பாட்டிலும் ஒட்டிச் சப்பையாகிவிட்டது. நீருக்கடியில் மூடியைத் திறந்ததும் தண்ணீர் விர்ரென்று ஏறி, உச்சியில் 260 மில்லி மட்டும் மிஞ்சியது. அதிலும் பெரும்பகுதி குடுவையில் ஏற்கெனவே இருந்த காற்றாகத்தான் இருக்கவேண்டும். கொளுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் முந்தைய நாள் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘சோடா வாயு’ என்று எழுதினேன்.

இதற்குப் பிறகு, வெளியே வரும் வாயு எதுவானாலும் காஸ்டிக் சோடாவைத் தாண்டித்தான் அளவுப் பாட்டிலுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அரை லிட்டர் கரைசலுக்கு 60 கிராம். வெறும் கரைசலில் குமிழ் மேலே விருட்டென்று போய்விடுகிறது, கரியமில வாயு முழுவதும் பிடிபடுவதில்லை. பேரனின் கோலிக்குண்டுகளைப் பாட்டில் நிறையப் போட்டதும் குமிழ்கள் குண்டுகளுக்கிடையே தடுமாறித் தடுமாறி ஏறின. அது போதுமானதாக இருந்தது. அளவுப் பாட்டிலைக் கவிழ்க்கும் வாளித் தண்ணீரிலும் கரையும்வரை உப்பைப் போட்டுவிட்டேன். உப்பு நீரில் வாயு குறைவாகக் கரையும்.

மூன்றாவது முயற்சி ஜனவரி கடைசி. இதற்குள் என் பழைய மாணவர் ஒருவரிடம் பேசியிருந்தேன். அவர் இப்போது ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறார். இட்லி மாவு வாடையைச் சொன்னதும் அவர் சொன்னது: “சார், அது லாக்டிக் அமிலம். அந்தக் கிருமிகள் ஹைட்ரஜன் தராது. கழிவுநீரிலேயே இருந்திருக்கும். சாணத்தை மட்டும் கொதிக்கவைத்தீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தீர்களா?”

இல்லை. தொட்டியில் இரண்டு நாள் நின்ற தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தேன். அதோடு கழிவுநீரில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று தெரியாமல் கணக்குப் போடவும் முடியாது. எனவே ஆலையிலிருந்து நல்ல மாவே வாங்கினேன். 30 கிராம் மாவை இரண்டரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, காய்ச்சிய சாணக் கரைசல் அரை லிட்டர் சேர்த்தேன். பச்சை மாவை விட வெந்த மாவு கிருமிகளுக்குச் சீக்கிரம் வசப்படும். வேண்டாத கிருமிகளும் கொதியில் போய்விடும்.

குடுவைக்குள் மேலே இருக்கும் இரண்டு லிட்டர் காற்றை வெளியேற்ற என்னிடம் நைட்ரஜன் சிலிண்டர் இல்லை. தனிப் பாட்டிலில் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து, அந்தக் கரியமில வாயுவைக் குழாய் வழியாகக் கஞ்சியின் மேற்பரப்புக்கு அருகே விட்டேன். காற்றை விடக் கனமானது என்பதால் அடியிலிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளிவிடும். பிறகு காஸ்டிக் சோடா அதை எப்படியும் பிடித்துவிடும் என்பதால் கணக்கில் தலையிடாது.

அமிலத்தை முறிக்க லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடாக் கரைசல், மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் சொட்டுக் குழாய் வழியாக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் திரவத்தை ஊசிக்குழலால் எடுத்து பி.எச். பார்த்து, 5.5க்கு வரும்வரை சொட்டவிட்டேன். மார்கழி போனாலும் இரவுக் குளிர் போகவில்லை. குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, மீன் தொட்டி ஹீட்டரை அதன் உச்ச அளவான 34 டிகிரியில் வைத்தேன்.

மறுநாள் மூடியைத் திறக்காமலே வாடை மாறியிருப்பது தெரிந்தது. காறிப்போன வெண்ணெய் வாடை, குமட்டுகிற வாடை. அது ப்யூட்டிரிக் அமிலம். ஹைட்ரஜனோடு சேர்ந்து பிறப்பது. இப்போது மூக்கே எனக்கு முதல் கருவி. இட்லி மாவு வாடை வந்தால் குடுவையைக் கழுவிவிடலாம், காறிய வெண்ணெய் வாடை வந்தால் காத்திருக்கலாம்.

இரவு ஒன்பது மணிக்கு 1,900 மில்லி. அளவுப் பாட்டிலுக்குப் போகும் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டுப் படுத்தேன். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அயர்ந்து தூங்கியதில் பி.எச். 4.4க்கு இறங்கியிருந்தது. அதை விடக் கவலை தந்தது அளவுப் பாட்டில். 1,560தான் இருந்தது. கிளிப்புக்கு இந்தப் பக்கம் இருந்த வாயுவில் 340 மில்லி எங்கே போனது?

சோப்பு நுரையைத் தக்கை, இணைப்பு, பாட்டில் எங்கும் தடவினேன். ஒரு குமிழ்கூட இல்லை. தக்கையை மாற்றினேன். கிரீஸ் தடவினேன். இரண்டு நாள் இதிலேயே போனது. ஓட்டை என்று எதுவும் இல்லை. சிலிக்கான் குழாயின் சுவர் வழியாகவே வாயு ஊடுருவி வெளியேறிக்கொண்டிருந்தது. பார்க்கக் கெட்டியாக இருக்கும் அந்த ரப்பர் சுவர் வாயுக்களுக்குச் சல்லடை மாதிரி. ஹைட்ரஜன் மட்டுமல்ல, கரியமில வாயு இன்னும் வேகமாகவே போகும். நான் வைத்திருந்த குழாயோ ஒன்றரை மீட்டருக்கு மேல். கம்ப்ரஸர் கருவிகளுக்குப் போடும் நைலான் காற்றுக் குழாயை வாங்கி, நீளத்தையும் 40 சென்டிமீட்டராகக் குறைத்த பிறகு ஓர் இரவுக்கு 20 மில்லிதான் குறைந்தது.

நான்காவது முயற்சியில் புதிதாகச் சேர்த்தது நைலான் குழாயும், தொடங்கும் நேரமும்தான். மூன்றாவதில் வாயு வேகமாக வந்தது 12ஆம் மணியிலிருந்து 26ஆம் மணிவரை. அமிலமும் அப்போதுதான் வேகமாக ஏறும். எனவே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்றுவரை அந்த வேகமான நேரம் விழித்திருக்கும் நேரமாக அமைந்தது. 34ஆம் மணியில் குமிழ் நின்றது. மொத்தம் 170 மில்லி காஸ்டிக் சோடாக் கரைசல் செலவானது. கடைசியில் குடுவையின் மேல்பகுதியில் தங்கிய வாயுவை அப்படியே விட்டுவிடாமல், இன்னொரு துளை வழியாகத் தண்ணீரை ஊற்றி அதையும் தள்ளி எடுத்தேன். அதிலேயே 700 மில்லி. முந்தைய முயற்சிகளில் இதை வீணாக்கியிருந்தேன்.

எல்லாம் சேர்ந்து, காஸ்டிக் சோடாவைத் தாண்டி வந்தது 4.1 லிட்டர். ரப்பர் மூடி போட்ட ஊசி மருந்துக் குப்பிகள் இரண்டில் மாதிரி எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்தனுப்பினேன். வாயு வண்ணப்பகுப்புக் கருவியில் ஹைட்ரஜன் 88 சதவீதம், மீதி காற்று, மீத்தேன் இல்லை என்று வந்தது. ஆக 3.6 லிட்டர் ஹைட்ரஜன்.

30 கிராம் மாவுக்கு இது எவ்வளவு? ஒரு மோல் குளுக்கோஸ் அளவுக்கு 0.78 மோல். ஹாங்காங்காரர்கள் எடுத்த 2.1இல் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. இருட்டு நொதித்தலில் கோட்பாட்டளவில் அதிகபட்சம் 4 மோல், அதாவது என் மாவுக்கு 18 லிட்டர். எனக்குக் கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆற்றல் கணக்கையும் மறைக்காமல் எழுதவேண்டும். 3.6 லிட்டர் ஹைட்ரஜனை எரித்தால் ஏறத்தாழ 35 கிலோஜூல். ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தால் ஒரு டம்ளர் டீத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். என் 50 வாட் ஹீட்டர் அந்த 34 மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்தது என்று வைத்தாலும் 3,000 கிலோஜூலுக்கு மேல் தின்றிருக்கிறது. எடுத்ததைப் போல எண்பது மடங்குக்கு மேல் செலவழித்திருக்கிறேன். வீட்டில் அடுப்பெரிக்க இது வழியல்ல. வெதுவெதுப்பான கழிவுநீர் தானாகவே வந்துகொண்டிருக்கும் இடத்தில்தான் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

அக்கா மகனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. மாவில் இருந்த ஆற்றலில் ஏழு சதவீதம் அளவுக்குத்தான் ஹைட்ரஜனாக வெளியே வந்தது. மற்றதில் பெரும்பங்கு காறிய வாடையோடு அந்தத் திரவத்தில்தான் கிடக்கிறது. அந்த அமிலங்கள்தான் மீத்தேன் கிருமிகளுக்குத் தீனி. எனவே ஹைட்ரஜன் எடுத்து முடித்த திரவத்தில் இரண்டு லிட்டரை பி.எச். 7க்குக் கொண்டுவந்து, பக்கத்துத் தோட்டத்துச் சாண எரிவாயுக் கலத்திலிருந்து ஒன்றரை லிட்டர் கழிவுக் கரைசல் வாங்கி, இரண்டாவது குடுவையில் கலந்து வைத்தேன். இதற்கு ஹீட்டர் போடவில்லை. 18 நாளில் 6.2 லிட்டர் மீத்தேன் வந்தது. நீலமாக, அமைதியாக எரிந்தது. முதல் முயற்சியில் எனக்கு ஏமாற்றம் தந்த அதே சுடர் இப்போது மகிழ்ச்சியாக இருந்தது.

அவனிடம் சொன்னேன்: “உன் மீத்தேனை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒன்றரை நாள் ஒரு சிறிய தொட்டியில் நிறுத்தினால் ஹைட்ரஜனும் கிடைக்கும், பின்னால் வரும் தொட்டிக்கு வேலையும் குறையும்.” அவன் உடனே செலவைக் கேட்டான். ஆலை அளவுக்கான செலவு என்னிடம் இல்லை. என் குடுவைகளின் செலவைச் சொன்னேன்: குடுவை இரண்டு 840 ரூபாய், தக்கைகள் 180, நைலான் குழாய் 150, ஹீட்டர் 390, பேனா வடிவ பி.எச். மீட்டரும் அதைச் சரிபார்க்கும் பொடியும் 800, காஸ்டிக் சோடா 140, வீணாய்ப்போன சிலிக்கான் குழாய் 200. மொத்தம் 2,700. மீட்டரில் மட்டும் இன்னும் மலிவானதைத் தேடவேண்டாம். என் முதல் முயற்சியில் பி.எச். தாளை நம்பியதில் 5.5க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்றோடு 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம்வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். சமையலறையில் வேண்டாம், மூடிய அறையில் வேண்டாம். குடுவையின் அருகில் எப்போதும் நெருப்பு கூடாது. 20 மில்லி சோதனைக் குழாயில் பிடித்து, பத்தடி தள்ளிக் கொண்டுபோய்த்தான் கொளுத்தினேன். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

மீத்தேன் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. எரிவாயுக் கலத்துக் கரைசல் தன் போக்கில் எவ்வளவு மீத்தேன் தந்திருக்கும் என்று பார்க்க, அதை மட்டும் தண்ணீரோடு கலந்து மூன்றாவது குடுவையில் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. அந்த 6.2 லிட்டரில் எவ்வளவு என் கஞ்சியிலிருந்து வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை மூன்றாவது குடுவை உண்டு. குடுவையில் மூன்று லிட்டருக்குப் பதிலாக நான்கரை லிட்டர் நிரப்பி, மேலே வாயு தங்கும் இடத்தைக் குறைக்கப்போகிறேன். நல்ல மாவை விட்டுவிட்டு மறுபடி கழிவுநீருக்கே திரும்பவேண்டும், அன்றன்று வழியும் புதுத் தண்ணீரை எடுத்துக் கொதிக்கவைத்து. சித்திரை வெயிலில் ஹீட்டர் இல்லாமலே 34 டிகிரி கிடைத்துவிடும். கிழங்கு வரத்து நிற்பதற்குள் நாற்பது லிட்டர் கழிவுநீர் பிடித்துவைக்கும்படி சொல்லியிருக்கிறேன். இரண்டு கேன்களைக் கழுவி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது.